அமலாவின் அறுபது மணி நேரம்

“எழுதுனது உங்க கை. போயி நிக்கது எம்புள்ளயா?” என்று மூன்றாம் மாடி நடையில் நின்று கத்தினாள் அந்தோணியம்மாள்.

“மெதுவாப் பேசுங்கோ, பில்டிங் பூரா கேக்கறது” என்றாள் விசாலம் மாமி, அதைவிட உரக்க.

“கேக்கட்டும். பிரின்சிபால் கேட்டாச்சு, ஆஸ்பத்திரியில கேட்டாச்சு. இனி பில்டிங்ல கேட்டா என்ன குறஞ்சா போவுது?”

“நான் நல்லதுக்குத்தான் பண்ணேன்.”

“யாரு நல்லதுக்கு மாமி?”

மாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

எதிர்வீட்டு வாசலில் உட்கார்ந்து நான் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தேன். உள்ளே சமையலறையில் இடம் இருந்தது, விளக்கும் இருந்தது. இருந்தாலும் வாசலில் காற்று நன்றாக வரும். ஒரு கட்டுக் கொத்தமல்லிக்கு அன்றைக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது.

இது 2008-ம் வருஷம், ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து அந்தோணியம்மாள் திரும்பியிருந்த நேரம். பம்பாயிலிருந்து மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கிற சாங்வியில், எங்கள் கட்டடத்தில் தமிழ் பேசுகிற குடும்பம் மூன்றுதான். மாமி கும்பகோணம், அந்தோணியம்மாள் தூத்துக்குடி, நான் கோயம்புத்தூர்ப் பக்கம். தமிழ்நாட்டில் இருந்திருந்தால் ஒருவருக்கொருவர் முகம்கூடப் பார்த்திருக்க மாட்டோம். இங்கே ஊரிலிருந்து வருகிற ஒரே புளியை மூன்று பேரும் பங்கு போட்டுக்கொள்ளும்படி ஆகிவிட்டது.

அந்தோணியம்மாளின் கணவர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து செத்துப்போனவர். அவள் பக்கத்துத் தாபோடியில் ராணுவக் குடும்பங்களுக்குத் துணி தைத்துக் கொடுத்தே ஒரே மகள் அமலாவை நர்சிங் கல்லூரியில் சேர்த்திருந்தாள். பி.எஸ்சி. நர்சிங், கடைசி வருஷம். அமலா பேர் சொல்லும்போதெல்லாம் “எங்க சிஸ்டர்” என்பாள். மகள் இன்னும் சிஸ்டர் ஆகவில்லை என்று நாங்கள் யாரும் திருத்தவில்லை. ஆகிவிடுவாள் என்றுதான் எல்லாரும் இருந்தோம்.

அந்த வருஷம்தான் கல்லூரிக்கு இன்டர்நெட் பாடம் என்ற ஆசை வந்தது. யாரோ இன்ஸ்பெக்ஷனுக்கு வரப்போகிறார்கள், அவர்களுக்குக் காட்ட வேண்டும். ஒவ்வொரு மாணவியும் வெப்சைட்டில் தன் பேரில் நுழைந்து அறுபது மணி நேரம் பாடம் படித்திருக்க வேண்டும், வாரம் ஒரு தடவை கலந்துரையாடல் பக்கத்தில் ஏதாவது எழுத வேண்டும். அறுபது மணி ஆகவில்லையானால் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் கிடையாது. யார் எத்தனை நிமிஷம் உட்கார்ந்தார்கள் என்பதை வெப்சைட்டே எண்ணிவிடும். ஏழு நிமிஷம் எதையும் தொடாமல் இருந்தால் வெளியே தள்ளிவிடும்.

நல்ல ஏற்பாடுதான். ஒரே குறை, காலையில் வகுப்பு, மதியம் இரண்டிலிருந்து ஒன்பது வரை வார்டு டியூட்டி என்று நாளைக் கல்லூரியே வெட்டிப் போட்டிருந்தது. மிச்சம் இருக்கிற நேரத்தில் அமலா பெட்ரோல் பம்ப் பக்கத்து சைபர் கஃபேயில், கேம் விளையாடுகிற பையன்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றாள். போதாததற்கு வியாழக்கிழமையானால் கரண்ட் கிடையாது. முதல் மாதம் முடிந்தபோது அவள் கணக்கில் நாலரை மணி நேரம் இருந்தது.

மாமி வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது. அவள் பிள்ளை விச்சு ஹிஞ்சேவாடியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு நியூ ஜெர்சி போனவன். பேரனை அம்மா கேமராவில் பார்க்கட்டும் என்று அதை விட்டுப் போயிருந்தான். பேரன் வாரத்துக்கு ஒரு நாள் பத்து நிமிஷம் தெரிவான். மற்ற நேரத்தில் கம்ப்யூட்டர் மேல் குரோஷா துணி போட்டு மூடியிருக்கும்.

“ஞாயித்துக்கிழமை மட்டும் உங்க வீட்டுல உக்காந்துக்கலாமா மாமி?” என்று அமலா கேட்டாள்.

“ஞாயித்துக்கிழமை என்னத்துக்குடீ? உன் பேரையும் பாஸ்வேர்டையும் எழுதிக் குடுத்துட்டுப் போ. நீ டியூட்டிக்குப் போ, நான் அதைத் தட்டிண்டு இருக்கேன்.”

“அது சீட்டிங் இல்லையா மாமி?”

“எல்லாப் பொண்களும் பண்றதுன்னு நீதானே சொன்னே.”

பண்ணினார்கள்தான். ஹாஸ்டல் பெண்களுக்கு ஒரு அண்ணனோ ஒரு சிநேகிதனோ தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தான். கூடப் படிக்கிற ரீனாவுக்கு அவள் தம்பி. அமலாவுக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. விசாலம் மாமி இருந்தாள்.

மாமி லேசுப்பட்டவள் இல்லை. கிர்க்கியில் ஒரு ஆபீசில் முப்பது வருஷம் ஸ்டெனோ. டைப் அடிக்கிற சத்தம் கேட்டால் மழை வருகிறதோ என்று துணி எடுக்க ஓடலாம். ஓய்வு பெற்றதிலிருந்து அந்த விரல்களுக்கு வேலை இல்லாமல் போயிருந்தது. முதல் வாரம் “அடுத்து” என்ற இடத்தை மட்டும் தட்டிக்கொண்டிருந்தாள். இரண்டாம் வாரம் பாடத்தை வாசிக்க ஆரம்பித்தாள். மூன்றாம் வாரம் என் கணுக்காலை அழுத்திப் பார்த்து, “குழி விழறது கனகா, உப்பைக் குறை” என்றாள். வாட்ச்மேனின் நகத்தைப் பார்த்து ரத்தம் போதாது என்று சொன்னதில், அந்த மனுஷன் இரண்டு நாள் வேலைக்கே வரவில்லை.

மதியம் நாலு மணிக்கு டீயோடு நானும் அங்கே போய்விடுவேன். துணைக்கு.

செப்டம்பர் பரீட்சைக்கு ஜூலைக் கடைசியிலேயே அமலாவின் கணக்கில் ஐம்பத்தெட்டு மணி. கல்லூரி அறிவிப்புப் பலகையில் ‘பங்கேற்பில் முதலிடம்: அமலா’ என்று ஒட்டினார்கள். அந்தோணியம்மாள் அதை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து எங்களுக்கு ஜிலேபி கொடுத்தாள். மாமி ஒன்றை எடுத்துக்கொண்டு, “நாமெல்லாம் ஒண்ணு நெனச்சா விடமாட்டோம்” என்றாள். அமலா அதைச் சாப்பிடவில்லை. எனக்கு வேண்டாம் அக்கா என்று தன் பங்கை என் தட்டில் வைத்தாள். நான் இரண்டையும் சாப்பிட்டேன்.

அந்த வாரம்தான் அவள் வார்டில் ஒரு கிழவர் இறந்துபோனார்.

பதினோராம் படுக்கை. இடுப்புக்குக் கீழே அசைவு கிடையாது. அமலாவை ‘பாளா, பாளா’ என்று குழந்தையைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிடுவாராம். அவள் அவரை ஆஜோபா என்பாள், மராத்தியில் தாத்தா. அப்படிப்பட்டவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகு அழுகிப்போகும். புரட்டினதற்கு சார்ட்டில் கட்டம் கட்டமாக டிக் போட வேண்டும். நாற்பத்திரண்டு நோயாளிக்கு மூன்று நர்சுகள். டியூட்டி ஆரம்பிக்கும்போதே அந்த டியூட்டி முழுக்க உள்ள கட்டங்களுக்கும் டிக் போட்டுவிடுவதுதான் அந்த வார்டில் நடைமுறை.

“நானும் போட்டேன் மாமி” என்றாள் அமலா, மதியம் டியூட்டிக்குக் கிளம்புமுன் மாமி வீட்டில் உட்கார்ந்து. டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை. “ஷிந்தே சிஸ்டர் பேனா குடுத்தாங்க, சப் பர் தோ, எல்லாத்தையும் ரொப்பிடுன்னாங்க. ரொப்பிட்டேன். நாலு நாள் நான்தான் ரொப்புனேன். அஞ்சாம் நாள் டிரெசிங் பண்ண திருப்புறேன், முதுகுல… கையி உள்ள போயிரும் மாமி, அவ்ளோ குழி. அவரு என்னையப் பாத்து சிரிக்கிறாரு. பாளா வந்துட்டியான்னு.”

மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து டியூட்டிக்குப் போய்விட்டாள்.

போன பிறகு மாமி குரோஷா துணியை எடுத்தாள். அந்த வாரக் கலந்துரையாடல் தலைப்பு: ‘வார்டில் நீங்கள் கற்ற ஒரு பாடம்’. அதுவரைக்கும் அமலா புத்தகத்திலிருந்து இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போவாள், மாமி அடிப்பாள். அந்த வாரம் எழுதித் தரவில்லை. மாமி விரல்களைச் சொடுக்கிக்கொண்டாள்.

முப்பது வருஷம் அடுத்தவர் சொன்னதையே அடித்தவளுக்கு முதல் தடவையாகச் சொந்தமாக ஒரு விஷயம் கிடைத்திருந்தது. இங்கிலீஷ் பிரமாதம். கிழவரின் சிரிப்பு, குழி, டியூட்டி ஆரம்பத்தில் நீட்டின பேனா, ஒன்றும் விடவில்லை. ஒன்றை மட்டும் விட்டாள். அமலா டிக் போட்டதை. “குழந்தை பேர் கெட்டுடும்” என்றாள். அதனால் கதையில் டிக் போட்டது எல்லாம் ‘வார்டு சிஸ்டர்’ ஆயிற்று. வாசித்துக் காட்டினபோது எனக்கே கண் கலங்கிப்போயிற்று.

மதியம் நாலு மணி பத்து நிமிஷத்துக்கு அது அமலாவின் பேரில் போய்ச் சேர்ந்தது.

அதையெல்லாம் யார் வாசிக்கிறார்கள் என்று நினைத்தோம். டீச்சர்கள் வாசிக்கவில்லைதான். ரீனாவின் தம்பி வாசித்தான். அவன் தட்டுகிற நேரத்தில் பொழுது போகவேண்டாமா? பிரின்ட் எடுத்து ரெண்டு பேருக்குக் காட்டினான். ரெண்டு பேர் பத்துப் பேர் ஆகி, ஒரு வாரத்தில் அந்தக் காகிதம் பதினோராம் படுக்கைக் கிழவரின் மகன் கையில் இருந்தது. அவர் பத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு வார்டுக்கு வந்து மேஜைக் கண்ணாடியை உடைத்தார்.

சனிக்கிழமை அமலாவைப் பிரின்சிபால் கூப்பிட்டாள். மேஜையில் இரண்டு காகிதம். ஒன்று அந்தக் கட்டுரை, நாலு பத்து என்று நேரம் போட்டது. இன்னொன்று அதே நாள் வார்டு வருகைப் பதிவேடு, இரண்டிலிருந்து ஒன்பது வரை அமலாவின் கையெழுத்து.

“இதை எழுதினது நீயா?” என்று கேட்டாளாம்.

ஆமாம் என்றால் நோயாளி விஷயத்தை வெளியே விட்ட குற்றம், வார்டில் பொய்க் கையெழுத்துப் போட்ட குற்றமும் கூட. இல்லை என்றால் ஐம்பத்தெட்டு மணி நேரமும் பொய். அமலா இரண்டு காகிதத்தையும் பார்த்துக்கொண்டு நின்றாள். திங்கட்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா, ஹால் டிக்கெட் அப்போது பேசிக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

அதுதான் ஞாயிற்றுக்கிழமைச் சண்டை.

“நாளைக்கு எங்கூட வாங்க. வந்து, நாந்தான் எழுதுனேன், புள்ளைக்குத் தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. கட்டுரயாவது அவ தலையில இல்லாம போவும்” என்றாள் அந்தோணியம்மாள். குரல் இறங்கியிருந்தது. அவள் கத்தும்போதுகூட எனக்குப் பரவாயில்லை. “ரெண்டு வருசத்துல அயர்லாந்து போவணும்னு இருக்கா மாமி. நாந்தான் அவளுக்கு சொல்லிச் சொல்லி வளத்தேன். அந்த உடுப்பப் போட்டு அவள ஒருநா பாத்துட்டேன்னா போதும் எனக்கு.”

“வர முடியாதே! இருபத்தஞ்சாம் தேதி பம்பாய்ல விசா இன்டர்வியூ. ஆஸ்பத்திரி, போலீஸ்னு என் பேர் எங்கயாவது ஏறித்துன்னா விச்சு என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவான்.”

“எம்மவ பேரு ஏறுனா?”

மாமி மறுபடி கண்ணாடியைத் துடைத்தாள். பிறகு, “லெட்டர் எழுதித் தரேன். நேர்ல பேசறதைவிட லெட்டர் ஸ்ட்ராங்கா இருக்கும்” என்றாள்.

அமலா அதுவரை படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள், எல்லாம் வேறு யாரோ வீட்டு விவகாரம் மாதிரி. “லெட்டர் வேண்டாம்மா” என்றாள். யாரும் காதில் வாங்கவில்லை. நானும்தான்.

திங்கட்கிழமை நானும் கூடப் போனேன். அந்தோணியம்மாளுக்கு ஹிந்தி திக்கும், இங்கிலீஷ் கிடையாது. அதற்காகத்தான் போனேன். பிரின்சிபாலின் அறையில் ஏசி இருந்தது, நல்ல நாற்காலி. ஷிந்தே சிஸ்டரும் வந்திருந்தாள். நான் பெரிய ராட்சசியை எதிர்பார்த்திருந்தேன். ஒல்லியாக, முழங்கால் வலியோடு, ரிட்டயர்மென்டுக்கு ஒன்றரை வருஷம் இருக்கிற ஒருத்தி. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

அந்தோணியம்மாள் மாமியின் கடிதத்தை இரண்டு கையாலும் நீட்டினாள். நாலு பக்கம், டைப் அடித்தது. பிரின்சிபால் வாசித்தாள். இரண்டாம் பத்தியிலேயே நிமிர்ந்து அமலாவைப் பார்த்தாள். பிறகு கடைசிவரை நிதானமாக வாசித்தாள்.

மாமி தன் முழு சாமர்த்தியத்தையும் காட்டியிருந்தாள். அந்தக் கட்டுரையோடு அமலாவுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை என்று நிரூபிக்க வேண்டும் அல்லவா? அதற்காக, ஏப்ரல் முதல் ஜூலை வரை எந்தெந்தத் தேதியில் எத்தனை மணிக்கு எந்தப் பாடத்தைத் தானே உட்கார்ந்து முடித்தாள் என்று வரிசையாக அடித்துக் கையெழுத்தும் போட்டிருந்தாள். ஸ்டெனோ அல்லவா, தேதி ஒன்றுகூடத் தப்பவில்லை. ‘இந்தப் பெண் ஒரு நாளும் கணினி முன் உட்கார்ந்ததில்லை என்பதை உறுதி கூறுகிறேன்’ என்று முடித்திருந்தாள்.

“தேங்க்ஸ்” என்று சொல்லிப் பிரின்சிபால் அதை ஃபைலில் வைத்தாள். “யே அச்சா ஹுவா, இது நல்லதாப் போச்சு. எங்களுக்கு எழுத்துல ஒண்ணும் இல்லாம இருந்தது.”

அந்தோணியம்மாள் என்னைப் பார்த்தாள். “என்ன சொல்லுதாங்க கனகா? சரியாப் போச்சா?”

“லெட்டர வாங்கி வெச்சுக்கிட்டாங்க” என்றேன். ஐம்பத்தெட்டு மணியும் பொய் என்று மாமியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டதை நான் சொல்லவில்லை.

அப்போது ஷிந்தே சிஸ்டர் அமலாவிடம் மராத்தியில் கேட்டாள். “என் பேரை ஏன் போட்டாய்? நான் உனக்கு என்ன செய்தேன்?”

“நான் போடலை சிஸ்டர்” என்றாள் அமலா. அதோடு நிறுத்தியிருக்கலாம். “ஆனா நடந்தது நிஜம். டிக் போட்டது நீங்க மட்டும் இல்ல. நாலு நாள் நான் போட்டேன். அதையும் எழுதிக்கோங்க.”

எழுதிக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரி விசாரணை ஒரு வாரத்தில் முடிந்தது. பதினோராம் படுக்கையின் சார்ட்டை எடுத்துப் பார்த்தார்கள். எல்லாக் கட்டத்திலும் டிக் இருந்தது. ஆகவே கவனிப்பில் குறை ஒன்றும் இல்லை, மாணவி சொன்னது பொய் என்று முடிவாயிற்று. கல்லூரி ஒரு வருஷம் பரீட்சை எழுதக் கூடாது என்றது. ஒரு வருஷம் கழித்துப் போனபோது, அந்த ஆஸ்பத்திரி இவளை வார்டுக்குள் விடமாட்டோம் என்றது; வார்டு இல்லாமல் பிராக்டிகல் இல்லை, பிராக்டிகல் இல்லாமல் பட்டம் இல்லை. அந்தோணியம்மாள் நாலைந்து தடவை போய் வாசலில் நின்று பார்த்தாள். பிறகு போகவில்லை. ‘எங்க சிஸ்டர்’ என்பதும் நின்றுபோயிற்று. அமலா என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. மாமி அந்தக் கட்டுரையில் முதலில் வெறும் ‘வார்டு சிஸ்டர்’ என்றுதான் அடித்திருந்தாள். படுக்கை எண்ணும் கிடையாது. வாசித்துக் காட்டினபோது, “ஏனுங் மாமி, பேரில்லாம எழுதுனா யார் நம்புவாங்க? பதினொண்ணாம் பெட்டு, ஷிந்தே சிஸ்டர்னு போடுங்க” என்று பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருத்தி சொன்னாள். மாமி திரும்பிப் போய்ப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை நடையில் அத்தனை சத்தத்துக்கு நடுவிலும் மாமி அதைச் சொல்லவில்லை. ஏன் என்று தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

மாமிக்கு விசா கிடைத்தது. நியூ ஜெர்சிக்குப் போய்விட்டாள். போகிற அன்றைக்கு அமலாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அமலா பெட்டியைக் கீழே வரை தூக்கிக்கொண்டு போய் ரிக்‌ஷாவில் வைத்துக் கொடுத்தாள்.

ரீனா அறுபது மணியும் முடித்துப் பரீட்சை எழுதி, அயர்லாந்தில் வேலை பார்க்கிறாள். அங்கேயே ஒரு கோட்டயத்துப் பையனைக் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். தம்பியும் போயிருக்கிறான். ஷிந்தே சிஸ்டர் முழுப் பென்ஷனோடு சாத்தாராவுக்குப் போனாள்.

அமலாவுக்கு 2010-ல் கல்யாணம் ஆயிற்று. பக்கத்துப் போசரியில் லேத் பட்டறை வைத்திருக்கிற தூத்துக்குடிக்காரர், முதல் மனைவி தவறியவர், முப்பத்தெட்டு வயது. அவருடைய அம்மா பக்கவாதத்தில் படுக்கையோடு இருந்தாள். நர்சிங் மூன்றரை வருஷம் படித்த பெண் என்று சொன்னதும் அவர்கள் வேறொன்றும் கேட்கவில்லை. அந்தோணியம்மாள் மகளைக் கரைசேர்த்த கையோடு தையல் மெஷினை விற்றுவிட்டுத் தங்கை வீட்டுக்குத் தூத்துக்குடி போய்விட்டாள்.

ஒரு தடவை போசரிக்குப் போய் அமலாவைப் பார்த்தேன். பேச்சு நடுவில் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போனாள். மாமியாரைப் புரட்டி, முதுகைத் துடைத்து, தலையணை வைத்துவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து பேசினாள். நான் இருந்தது அஞ்சு மணி நேரம். மூன்று தடவை எழுந்தாள். அந்த அம்மா படுத்து மூன்று வருஷமாம், உடம்பில் ஒரு புண் கிடையாது. எங்கேயும் எழுதிவைக்கவில்லை.

மாமி இருந்த வீட்டுக்கு இப்போது ஒரு மராத்திக் குடும்பம் வந்திருக்கிறது. அந்தோணியம்மாள் இருந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. புளி முழுக்க எனக்குத்தான்.